பின் சக்கரத்துக்கு ஏன் கூடுதல் கம்பி?

உங்க வீட்டுல அந்தக் காலத்துக் கறுப்பு சைக்கிள் இருக்கா? அதோட ரெண்டு சக்கரத்துலயும் போக்ஸ் கம்பி ஒரே எண்ணிக்கையில இருக்கும்னு நினைக்கிறீங்களா? எண்ணிப் பாருங்க! வழக்கமா முன்னாடி 32, பின்னாடி 40.

ஏன்னா, ஓட்டுறவர் எடையும் கேரியர் சுமையும் பெரும்பாலும் பின்னாடிதான் இறங்குது. நாமக்கல்ல முட்டை அட்டை, ராசிபுரம் பக்கம் பால் கேன், சேலத்துல நூல் மூட்டைன்னு அத்தனையும் அந்த மெல்லிசுக் கம்பிங்க தாங்கணுமே! எல்லாக் கம்பியையும் விறைப்பா இழுத்துக் கட்டியிருக்கிறதுலதான் அந்த பலமே இருக்கு. எங்கயாவது இழுப்பு தளர்ந்தா ரிம் கோணிக்கும்.

இந்தக் கோட்டத்தை நீங்க வீட்டுலயே எடுக்கலாம். சைக்கிளைத் தலைகீழா நிறுத்தி, சக்கரத்தைச் சுத்திவிடுங்க. ரிம் எந்த இடத்துல இடப்பக்கம் ஒதுங்குதோ, அங்க வலப்பக்கத்துல இருந்து வர்ற கம்பியோட நிப்பிளை, அதாவது ரிம்முல கம்பியைப் பிடிச்சிருக்கிற சின்ன நட்டை, கால் சுத்து மட்டும் முறுக்குங்க. திரும்பவும் சுத்திப் பாருங்க. ஒரேயடியா முறுக்கிட்டா, கோட்டம் எதிர்ப்பக்கம் போயிடும்!