உழப்படாத ஓரம்



இலையுதிர் காலத்தை நம்மில் பலர் நாட்காட்டிப் படங்களிலேயே கண்டிருக்கின்றோம். நமது மண்ணில் ஐப்பசி பிறந்தால் மாரி தொடங்கும். வளவெங்கும் புல்லும் பூண்டும் தலைநிமிரும். இத்தாலியின் உம்பிரியா மாநிலத்திலோ அதே வேளையில் தோட்டங்கள் ஓய்வுக்குப் போகின்றன. அசிசி நகரின் சரிவுகளில் திராட்சை அறுவடை முடிந்து, ஒலிவ் பறிப்பு நெருங்கும் பருவம் அது. அப்பருவத்திலேதான், ஒக்டோபர் 4ஆம் திகதி, புனித பிரான்சிஸ் அசிசியாரின் திருவிழாவைத் திருச்சபை கொண்டாடுகின்றது.

அந்நாட்களில் அங்குள்ள வீட்டுத் தோட்டம் ஒன்றினுள் நுழைவதாக எண்ணிக்கொள்ளுங்கள். கோடையில் வரிசை தவறாது நின்ற பாத்திகள் இப்போது ஒன்றோடொன்று கலந்துவிட்டிருக்கும். வாடிய இலைகளின் அடியில், எவர் கண்ணிலும் படாது தப்பிய பூசணிக்காய் ஒன்று செம்மஞ்சளாய் முற்றிக் கிடக்கும். கம்பில் ஏறிய போஞ்சிக் கொடியில் நெற்றுகள் காய்ந்து, காற்றடித்தால் கலகலக்கும். பெருஞ்சீரகச் செடி ஆளுயரம் வளர்ந்து, குடை குடையாய் விதை தாங்கி நிற்கும். எவரும் விதைக்காமலே முளைத்த காலெண்டுலாப் பூக்கள் கோவாப் பாத்தியின் நடுவே மஞ்சளாய் மலர்ந்திருக்கும். மதிலில் படர்ந்த ஐவிக் கொடி, மற்றவை பூத்து ஓய்ந்த பின்னரே பூக்கும். ஆதலால் குளிருக்கு முன் தேனீக்கள் இறுதியாகக் கூடும் இடங்களில் அதுவும் ஒன்று. மூலையில் செவ்வந்தி நிற்கும். அதனை இத்தாலியர் விருந்து வீட்டுக்கு எடுத்துச் செல்வதில்லை. நவம்பர் 2ஆம் திகதி, இறந்தோர் நினைவு நாளில் கல்லறைக்குக் கொண்டு செல்வர். கத்தரித்து ஒழுங்குபடுத்திய பூங்காவில் இந்த அழகைத் தேடினாலும் கிடையாது.

(பூசணியும் போஞ்சியும் தக்காளியும் 1492க்குப் பின்னர் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. பிரான்சிஸ் அவற்றைக் கண்டதேயில்லை. அவர் காலத்து இத்தாலியத் தோட்டங்களில் விளைந்தவை கோவா, லீக்ஸ், வெங்காயம், உள்ளி போன்றவையே.)

இத்தகைய தோட்டத்தைப் பற்றி அசிசியார் கூறியது ஒன்றுண்டு. அவரது வரலாற்றை எழுதிய செலானோ ஊர்த் தோமா என்னும் துறவி, 1247ஆம் ஆண்டளவில் முடித்த தமது இரண்டாம் நூலில் அதனைப் பதிந்துள்ளார். தோட்டத்தைக் கவனிக்கும் சகோதரரிடம், அதன் ஓரங்களைக் கொத்தாமல் விடும்படி பிரான்சிஸ் பணித்தார். அங்கே புல்லின் பசுமையும் பூவின் அழகும் உரிய காலத்தில் தோன்றி, யாவற்றுக்கும் தந்தையானவரின் அழகை அறிவிக்கட்டும் என்பது அவர் விருப்பம். விறகு வெட்டச் செல்வோரிடமும், மரம் மீண்டும் துளிர்க்குமாறு அடியை விட்டுவைக்கச் சொன்னார்.

இதனை எளிய காரியமாக எண்ணிவிடாதீர்கள். அச்சகோதரர்கள் சொத்தேதும் இன்றிக் கைவேலையாலும் பிச்சையாலும் வாழ்ந்தோர். ஒரு பாத்தி கீரை என்பது அவர்களுக்கு ஒருநாள் உணவு. பசித்திருப்போருக்குப் பொறுப்பான ஒருவரிடமே, மண்ணில் ஒரு பகுதியை உண்ண முடியாதவற்றுக்கு விட்டுக்கொடு என்று கேட்கப்பட்டது. இது சோம்பலுக்கான அனுமதியுமன்று. நறுமணச் செடிகளுக்கும் பூக்களுக்கும் எனத் தனிப் பாத்தி ஒன்றைப் பேணி வளர்க்கவும் அவர் பணித்திருந்தார்.

லேவியர் நூலின் 19ஆம் அதிகாரத்தை நீங்கள் வாசித்திருப்பீர்கள். வயலின் ஓரம் வரை அறுத்துவிடாதே, சிந்தியதைப் பொறுக்காதே, அவை ஏழைக்கும் அந்நியருக்கும் உரியவை என்று அது கட்டளையிடுகின்றது. மோவாபிய நாட்டு ரூத்து, போவாசின் வயலில் கதிர் பொறுக்கியது அந்த உரிமையினாலேயே. அசிசியாரின் ஓரத்திலோ கதிர் பொறுக்க வருவோர் வேறு. காய்ந்த தண்டுகளின் உட்துளைகளில் சிலவகைத் தனித் தேனீக்கள் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. உதிர்ந்த இலைகளின் அடியில் பொறிவண்டுகள் ஒடுங்குகின்றன. செம்முகமும் சிறகில் பொன்னிறப் பட்டையும் கொண்ட, இத்தாலியர் கார்தெல்லீனோ என அழைக்கும் சிறு குருவி, முட்செடிகளின் விதைகளைத் தேடி வருகின்றது. முள்ளிடையே இரை தேடுவதால் அதனை ஆண்டவரின் முண்முடிக்கு அடையாளமாகக் கொண்டனர் ஓவியர். ரபாயேல் 1506ஆம் ஆண்டளவில் தீட்டிய, புளோரன்சில் உள்ள அன்னை மரியாளின் ஓவியத்தில், பாலன் இயேசு வருடுவது இக்குருவியையே. தோட்டத்தைத் துப்புரவாக்குவதாக எண்ணி யாவற்றையும் வெட்டி எரிப்பவர், இவற்றின் வீட்டையும் உணவையும் சேர்த்தே எரிக்கின்றார்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டு வெளியிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ என்னும் சுற்றுமடலும் அந்த உழப்படாத பகுதியை நினைவுகூர்கின்றது. டெங்கு பரவும் நாட்டில் பற்றையை விட்டுவைக்கச் சொல்வதா என்று நீங்கள் கேட்கக்கூடும். டெங்கு நுளம்பு முட்டையிட்டுப் பெருகுவது தேங்கிய நீரில், தும்பைச் செடியிலன்று. ஆகவே சிரட்டையையும் பழைய ரயரையும் தயங்காது அகற்றுங்கள். வேலியோரத்துத் தும்பையை வெட்டுமுன் சற்றுப் பொறுங்கள்.

1225ஆம் ஆண்டு, சான் தாமியானோவில் நோயுற்றுக் கிடந்தபோது பிரான்சிஸ் படைப்புகளின் பாடலை இயற்றினார். அவரது கண்கள் அப்போது வெளிச்சத்தைத் தாங்க இயலாத நிலையில் இருந்தன. நிலத்தைச் சகோதரியாகவும் தாயாகவும் போற்றிய அப்பாடலில், தாம் காணமுடியாத பூக்களின் நிறத்தையும் அவர் மறக்கவில்லை. மறு ஆண்டு, 1226 ஒக்டோபர் 3ஆம் திகதி மாலையில், போர்சியுங்குலாவில் அவர் உயிர் பிரிந்தது. வெளிச்சத்தை விரும்பும் வானம்பாடிகள் அந்த அந்திப்பொழுதில் கூட்டமாக வந்து அவ்வீட்டின் கூரைக்கு மேலே வட்டமிட்டன என்று புனித பொனவெந்தூர் எழுதியுள்ளார். மண்ணிறச் சிறகு கொண்ட அப்பறவைகள்மீது அசிசியாருக்குத் தனி அன்பு. சக்கரவர்த்தியிடம் பேச வாய்த்தால், கிறிஸ்து பிறப்புத் திருநாளில் அவை உண்ணும்படி வீதிகளிலே தானியம் தூவுவதற்குக் கட்டளை பிறப்பிக்குமாறு கேட்பேன் என்று அவர் சொல்லியிருந்தார்.