கேட்காமல் வந்த மென்பொருள்

2011 செப்டம்பரில் தமிழக அரசு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கியபோது, அதில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. சென்னை சி-டாக் நிறுவனம் டெபியன் லினக்ஸை அடிப்படையாக வைத்து உருவாக்கிய இயங்குதளம் அது. ஆரணி வட்டார அரசுப் பள்ளிகளில் படித்த நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் லினக்ஸ் அப்படித்தான் அறிமுகமானது.

லினக்ஸ் கணினியில் நிறுவப்பட்டுள்ளவற்றின் பட்டியலை முதன்முறை திறப்பவர் மிரண்டுபோவது இயல்பு. முன்பின் கேட்டிராத பெயர்கள் நூற்றுக்கணக்கில் நிற்கும். அவாஹி என்பது வீட்டு நெட்வொர்க்கில் பிரிண்டர் போன்ற கருவிகளைத் தேடித் தருவது. ஆர்கா, பார்வையற்றோருக்குத் திரையில் உள்ளதை வாசித்துக் காட்டுவது. இரண்டுமே இயங்குதளத்தோடு வருபவை, உளவாளிகள் அல்ல.

ஆனால் நல்ல மென்பொருளும் வம்பில் மாட்டிக்கொள்ளும். 2022-இல் உபுண்டு 22.04 வெளிவந்த பிறகு, விலை மலிவான ஆர்டுயினோ மின்னணுப் பலகைகளைக் கணினியில் செருகியவர்கள் திணறினார்கள். பலகைக்கான போர்ட் ஒரு கணம் தோன்றும், உடனே காணாமல் போகும். கேபிளை மாற்றினாலும் பலனில்லை. இயங்குதளத்தின் மையமான கெர்னல் எழுதிவைக்கும் பதிவைப் பார்த்தபோதுதான் போர்ட்டைப் பிடுங்கியது யாரென்று தெரிந்தது: பி.ஆர்.எல்.டி.டி.ஒய். பார்வையற்றோரின் பிரெய்ல் கருவிகளை இயக்கும் மென்பொருள் அது. அந்தப் பலகைகளில் உள்ள சிஎச்340 சிப்பின் அடையாள எண்ணைப் பார்த்து, பிரெய்ல் கருவி வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டது. தேவைப்படாதவர்கள் அதை நீக்கினார்கள்; போர்ட் திரும்பி வந்தது. பிரெய்ல் கருவியையே நம்பியிருக்கும் பார்வையற்ற ஒருவர் வீட்டில் அதையே நீக்கியிருந்தால் அவருக்குக் கணினியே இல்லாமல் போயிருக்கும். தெரியாத பெயரைக் கண்டவுடன் அழிக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கடினம்.

விசாரிக்க வழி இருக்கிறது. டெபியன் குடும்பத்து லினக்ஸ்களில் எந்த மென்பொருள் தொகுப்பு எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எந்தக் கட்டளையால் நிறுவப்பட்டது என்பது வரலாற்றுப் பதிவில் இருக்கும். ஒரு கோப்பின் பெயரைக் கொடுத்து, அது எந்தத் தொகுப்பைச் சேர்ந்தது என்றும் கேட்கலாம். வீடியோ எடிட்டர் ஒன்றை நிறுவிய அதே நிமிடத்தில் இருபது பெயர்கள் வந்திருந்தால், அவை அதற்குத் துணையாக வந்தவை.

எந்தத் தொகுப்புக்கும் சொந்தமில்லாத கோப்பு, கணினியைத் திறந்ததும் தானாக ஓடுகிறதா? அங்கேதான் கவலைப்பட வேண்டும். 2025 ஆகஸ்ட்டில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான சைஃபர்மா வெளியிட்ட அறிக்கை அப்படி ஒன்றை விவரித்தது. பாஸ் லினக்ஸ் பயன்படுத்தும் இந்திய அரசு அலுவலகங்களுக்கு, கூட்ட அழைப்பு போன்ற மின்னஞ்சல் வந்தது. இணைப்பில் பிடிஎஃப் போலத் தெரிந்தது, உண்மையில் கட்டளைகளை ஓட்டும் ஷார்ட்கட். சொடுக்கினால் ஃபயர்ஃபாக்ஸில் ஒரு பிடிஎஃப் திறக்கும். பின்னணியில் தீய நிரல் இறங்கி, ஒவ்வொரு முறை லாகின் செய்யும்போதும் ஓடும்படி தன்னைப் பதிந்துகொள்ளும். ஏபிடி36 என்ற குழுவின் வேலை என்றனர் ஆய்வாளர்கள். லினக்ஸில் வைரஸே வராது என்று கடைக்காரர்கள் சொல்வதை நம்பியிருப்பது ஆபத்து.

முறையான வழியில் வந்ததையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. 2024 மார்ச்சில் ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், டெபியனின் அன்ஸ்டேபிள் (வளர்ச்சிநிலை) பதிப்பில், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழி லாகின் அரை விநாடி தாமதமாவதைக் கவனித்தார். தோண்டியபோது, கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் தொகுப்புக்குள்ளேயே ரகசியக் கதவு இருந்தது. இரண்டாண்டுக்கும் மேலாக நம்பிக்கை சம்பாதித்த பராமரிப்பாளர் பெயரில் அது நுழைந்திருந்தது.

வீட்டுக் கணினியில் சந்தேகக் கோப்பு கிடைத்தால் முதலில் இணையத்தைத் துண்டிக்க வேண்டும். கோப்பின் பெயர், இடம், தேதியை எழுதிவைத்த பிறகுதான் அழிப்பதைப் பற்றி யோசிக்க வேண்டும். வங்கி, மின்னஞ்சல் கடவுச்சொற்களை வேறொரு கருவியிலிருந்து மாற்றுவது நல்லது. பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்கலாம்.