மீன்தொட்டிக்குள் ஒரு பச்சைக் கம்பளம்

உங்கள் வீட்டு மீன்தொட்டியின் அடியில் புல்தரைபோல் பச்சை விரிந்திருந்தால் எப்படியிருக்கும்! ஈப்போ கடைகளில் அப்படியொரு தொட்டியைப் பார்த்துச் சொக்கி நின்றிருப்பீர்கள். பக்கத்தில் இருக்கும் கரியமில வாயு உருளையின் விலையைக் கேட்டதும் மயக்கம் தெளிந்திருக்கும். கவலை வேண்டாம். உருளை இல்லாமலும் கம்பளம் விரிக்கலாம்.

முதலில் ஓர் எச்சரிக்கை. ‘தூவினால் போதும்’ என்று விற்கும் விதைப் பொட்டலத்தை வாங்காதீர்கள். நான் வாங்கினேன். பத்தே நாளில் பச்சைப் பசேலென்று முளைத்தது. பிள்ளைகள் அக்கம்பக்கத்தாரை எல்லாம் அழைத்துக் காட்டினார்கள். இரண்டு மாதத்தில் எல்லாம் அழுகி, தண்ணீர் நாறி, ஆறு கப்பி மீன்களும் செத்து மிதந்தன. இப்படி விற்பவை பெரும்பாலும் தரைச்செடி விதைகள். நீரில் முளைக்கும், நிலைக்காது.

கரியமில வாயுதான் செடிக்குச் சோறு. சாதாரண நீரில் லிட்டருக்கு அரை மில்லிகிராம் அளவே அது கரைந்திருக்கும். உருளை வைப்பவர்கள் 30 வரை ஏற்றுகிறார்கள். இந்தப் பட்டினியைப் பொடியிலைச் செடிகள் தாங்குவதில்லை. தாங்குவது நம் ஆரைக்கீரை இனம்! கடையில் ‘மார்சிலியா’ என்று கேளுங்கள். நீருக்குள் போனதும் அதன் நாலிலை ஒற்றையிலையாகக்கூட மாறும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று எண்ணாதீர்கள்.

அடியில் ஓர் அங்குலம் மண், அதன்மேல் ஓர் அங்குலம் ஆற்றுமணல். பழைய ரப்பர்த் தோட்டத்து மண்ணை மட்டும் அள்ளி வராதீர்கள். பல்லாண்டு களைக்கொல்லி தெளித்த மண்ணாக இருக்கலாம். பாராகுவாட்டுக்கே 2020இல்தான் நம் நாட்டில் தடை வந்தது. மருந்தும் உரமும் படாத கொல்லை மண் போதும். ஈப்போ குன்றுகளின் சுண்ணாம்புக் கல்லும் வேண்டாம், நீரைக் கடினமாக்கிவிடும். சந்தேகமானால் கல்மேல் ஒரு சொட்டு வினிகர் விடுங்கள், நுரைத்தால் சுண்ணாம்பு.

இனி சூட்சுமம். தொட்டியில் நீர் நிரப்பாமல் நடுங்கள்! மண் நனையும் அளவு தண்ணீர் போதும். ஆரையைச் சிறு துண்டுகளாக்கி இரண்டு விரல் இடைவெளியில் ஊன்றுங்கள். வெளிச்சமான இடத்தில் வைத்து, தொட்டி வாயைப் பிளாஸ்டிக் தாளால் மூடி, தினமும் சற்று நேரம் திறந்துவிடுங்கள். காற்றிலுள்ள வாயுவையே இலை நேராக உண்ணும். இளம் ரப்பர்க் கன்றுகளுக்கிடையே நட்ட மூடுபயிர்க் கொடி தரையை மூட எத்தனை மாதம் பிடித்தது என்பது தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். அந்தப் பொறுமை இங்கும் வேண்டும்.

தரை மூடியதும் உள்ளே ஒரு தட்டை வைத்து, அதன்மேல் மெல்லக் குளோரின் நீக்கிய நீரை விடுங்கள். பழைய இலைகள் சில அழுகும். கிள்ளி எடுங்கள், புதியவை வரும். முதல் மாதம் வாரம் இருமுறை பாதி நீரை மாற்றுங்கள். மீன்களை அதற்குப் பிறகே விட வேண்டும்.

அடிமண் மக்கும்போது வெளிவரும் வாயு இனிச் செடிக்கு உணவாகும். இப்படி மண்ணிட்டு வளர்க்கும் முறையை அமெரிக்கப் பெண்மணி டயானா வால்ஸ்டாட் 1999இல் ஒரு நூலாகவே எழுதினார். விளக்கைக் காலையில் 4 மணி நேரம், மாலையில் 4 மணி நேரம் எரியவிடுங்கள். நடுவில் அணைத்து வைத்தால் வாயு மீண்டும் சேரும். நாள் முழுதும் எரித்தால் பாசிக்குத்தான் விருந்து.

என் தொட்டியில் மூன்றாம் மாதம்தான் தரை மூடியது. பின்மூலையில் மட்டும் இன்னும் மணல் தெரிகிறது. புதிய கப்பிகளுக்கு அந்த இடம்தான் பிடித்திருக்கிறது.