கலாபகோஸ் குரூஸ்: இகுவானாவைப் பார்க்கப் போறவங்க ஏன் ஷூவைக் கழுவணும்?

2021 மார்ச் மாதம். ஈக்வடார் நாட்டுக்குச் சொந்தமான கலாபகோஸ் தீவுகளில் உள்ள பால்ட்ரா விமான நிலையம். வெளியே போகும் பெட்டிகளை எக்ஸ்ரே மெஷினில் சோதித்துக்கொண்டிருந்தவர்களுக்கு ஒரு சூட்கேஸ் மீது சந்தேகம். திறந்து பார்த்தால், பிளாஸ்டிக்கில் சுற்றி அடுக்கிவைத்த ராட்சத ஆமைக் குட்டிகள். மொத்தம் 185. அதில் சில ஏற்கெனவே இறந்துபோயிருந்தன.

படித்தவர்கள் எல்லாரும் கொதித்த செய்தி இது. ஆனால் கலாபகோஸைப் பாதுகாக்கிறவர்களைக் கேட்டால், வெளியே போகும் சூட்கேஸைவிட உள்ளே வரும் சூட்கேஸுக்குத்தான் அதிகம் பயப்படுவார்கள். கடத்தல்காரர் பெட்டியில்லை, சாதாரண டூரிஸ்ட் பெட்டி. அதில் பாதி தின்ற ஆப்பிள் இருக்கலாம், ஷூ அடியில் ஒட்டிய விதை இருக்கலாம், துணி மடிப்பில் ஒரு பூச்சி இருக்கலாம்.

அதனால்தான் இங்கே குரூஸ் போவது என்பது நாம் ரீல்ஸில் பார்க்கும் நீச்சல் குளம், டிஜே பார்ட்டி குரூஸ் மாதிரி இல்லை. விமானத்தில் கைப்பெட்டி வைக்கும் மேல் அறைகளில் பூச்சி மருந்து அடிப்பதிலிருந்து, கரையை விட்டுக் கிளம்பும்போது காலைக் கழுவுவது வரை எல்லாத்துக்கும் ரூல் இருக்கு. ஏன் இவ்வளவு கெடுபிடி?

எரிமலை போட்ட தீவுகள்

தென் அமெரிக்கக் கரையிலிருந்து சுமார் 1,000 கிலோமீட்டர் தள்ளி, பசிபிக் பெருங்கடலில், பூமத்திய ரேகை மேலேயே இருக்கின்றன கலாபகோஸ் தீவுகள். பெரிய தீவுகள் 13. சின்னத் தீவுகளும் பாறைகளும் தனி. எல்லாமே எரிமலை கக்கியதுதான். கடலுக்கு அடியில் ஒரே இடத்தில் அடுப்பு மாதிரி ஒரு சூடான பகுதி இருக்கிறது. அதன் மேலே நாஸ்கா எனும் புவித்தட்டு மெல்லக் கிழக்கு நோக்கி நகர்கிறது. அடுப்புக்கு மேலே வரும்போது தீவு பிறக்கிறது, பிறகு நகர்ந்து போய்விடுகிறது. அதனால் கிழக்கே இருக்கும் எஸ்பன்யோலா, சான் கிறிஸ்டோபல் எல்லாம் வயசான தீவுகள். மேற்கே இருக்கும் ஃபெர்னாண்டினா இன்னும் கொதித்துக்கொண்டிருக்கும் குழந்தை. 2024 மார்ச்சில் அங்குள்ள லா கும்ப்ரே எரிமலை வெடித்தபோது, இரவில் மலைச்சரிவில் சிவப்பாக வழிந்த லாவாவைக் கப்பல் தளத்திலிருந்து பார்த்தார்கள் பயணிகள். டிக்கெட் எடுத்தபோது அவர்கள் இதை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்!

இந்தத் தீவுகள் எந்தக் கண்டத்தோடும் ஒட்டியிருந்ததே இல்லை. பறந்து வந்தது, நீந்தி வந்தது, மரக்கட்டையில் மிதந்து வந்தது, இவ்வளவுதான் இங்கே குடியேறியது. புலி, நரி மாதிரி வேட்டையாடும் பாலூட்டி எதுவும் வரவில்லை. அதனால் இங்கே இருக்கும் உயிரினங்களுக்கு ஓடணும் என்ற எண்ணமே கிடையாது. கடல் சிங்கம் ஊர்ப் பெஞ்சில் படுத்துத் தூங்கும். போர்ட்டோ அயோரா மீன் மார்க்கெட்டில், நம்ம ஊர் மீன் கடையில் பூனை நிற்குமே, அந்த இடத்தில் கடல் சிங்கமும் கூழைக்கடாவும் நிற்கும்.

பெருவிலிருந்து வரும் ஹம்போல்ட் நீரோட்டம் கடலைக் குளிர்வித்துவிடுவதால் பூமத்திய ரேகையில் பெங்குயின் இருக்கிறது. பறப்பதற்கு அவசியமே இல்லாததால் இறக்கை சுருங்கிப்போன நீர்க்காகம் இருக்கிறது. உலகத்திலேயே கடலில் இறங்கிப் பாசி மேயும் ஒரே பல்லி இனமான கடல் இகுவானா இருக்கிறது. அது உடம்பில் சேரும் உப்பை மூக்கு வழியாகத் தும்மித் தள்ளும். தலையில் வெள்ளையாகப் படிந்திருப்பது அந்த உப்புதான். 1835-இல் பீகிள் கப்பலில் வந்த இளைஞர் சார்லஸ் டார்வின் இங்கே ஐந்து வாரம்தான் இருந்தார். மீதிக் கதை பாடப்புத்தகத்தில் இருக்கு.

கப்பலில் ஒரு நாள்

தீவுகளின் நிலப்பரப்பில் 97% தேசியப் பூங்கா. பூங்கா அமைக்கப்பட்டது 1959-இல். 1960-களின் கடைசியில் குரூஸ் வரத் தொடங்கியது. பெரும்பாலான கப்பல்களில் 16 பேர்தான் தங்க முடியும். எவ்வளவு பெரிய கப்பலாக இருந்தாலும் 100 பயணிகளுக்கு மேல் ஏற்றக் கூடாது.

கப்பல் இரவில் ஓடும். காலையில் கண் விழித்தால் வேறு தீவு. கப்பலிலிருந்து 'பாங்கா' என்று சொல்லும் சின்ன ரப்பர் படகில் இறங்கிக் கரைக்குப் போகணும். துறை என்று எதுவும் பெரும்பாலும் இல்லாததால், முழங்கால் தண்ணீரில் குதித்து நடப்பதும் உண்டு. பூங்காவின் உரிமம் பெற்ற கைடு இல்லாமல் ஒரு அடி நகர முடியாது. ஒரு கைடுக்கு அதிகபட்சம் 16 பேர். குறியிட்ட பாதையை விட்டு விலகக் கூடாது. விலங்கிடமிருந்து 2 மீட்டர் தள்ளி நிற்கணும். ஃப்ளாஷ், ட்ரோன், தின்பண்டம் எதுவும் கூடாது. மாலை 6 மணிக்கு முன் எல்லாரும் கப்பலுக்குத் திரும்பியிருக்கணும்.

இதில் வேடிக்கை, அந்த 2 மீட்டர் ரூல் இகுவானாவுக்குத் தெரியாது. அது உங்கள் கால்மேல் ஏறிப் போனால் நீங்கள்தான் அசையாமல் நிற்க வேண்டும். நீலக்கால் பூபி பாதையின் நடுவிலேயே முட்டையிட்டு உட்கார்ந்திருந்தால், சுற்றிப் போவது மனிதர்களின் பொறுப்பு.

இன்னொரு ரூல் வெளியே அதிகம் தெரியாதது. எந்தக் கப்பல் எந்த நாளில் எந்தத் தீவின் எந்த இடத்துக்குப் போகணும் என்பதைப் பூங்கா நிர்வாகமே முடிவு செய்கிறது. ஒருமுறை போன இடத்துக்கு அதே கப்பல் 14 நாள்களுக்குள் திரும்ப வரக் கூடாது. ஓரிரு இடங்களுக்கு மட்டும் விலக்கு. "கேப்டன், நேத்து பார்த்த இடம் சூப்பரா இருந்துச்சு, இன்னொரு தடவை போகலாமா" என்று கேட்டால் நடக்காது. எல்லாக் கப்பலும் ஒரே அழகான கடற்கரையில் போய்க் குவியாமல் இருப்பதற்கான ஏற்பாடு இது. வார இறுதியில் கொடைக்கானல் தூண் பாறை முன் நின்றவர்களுக்கு இதன் அருமை புரியும்.

மூன்று ஆடுகள் செய்த வேலை

கெடுபிடிக்குக் காரணம் கேட்டால் எல்லாரும் சொல்வது பிண்டா தீவின் கதை. 1959-இல் மீனவர்கள் அங்கே மூன்று ஆடுகளை விட்டுவிட்டுப் போனார்கள். அடுத்த தடவை வரும்போது இறைச்சிக்கு ஆகும் என்ற கணக்கு. வேட்டையாட யாரும் இல்லாத தீவில் அவை பத்தாயிரக்கணக்கில் பெருகி, ஆமைகள் தின்ன வேண்டிய செடிகளைத் தின்று தீர்த்தன. கப்பலோட்டிகள் பல காலமாகப் பிடித்துத் தின்றது போக மிஞ்சியிருந்த பிண்டா ஆமைகளுக்கு இது கடைசி அடி. 1971-இல் அந்தத் தீவில் ஒரே ஒரு ஆண் ஆமை கண்டுபிடிக்கப்பட்டது. 'லோன்சம் ஜார்ஜ்', தனிமை ஜார்ஜ் என்று பெயர் வைத்தார்கள். நாற்பது ஆண்டுகள் துணை தேடினார்கள். கிடைக்கவில்லை. 2012 ஜூன் 24 அன்று ஜார்ஜ் இறந்தபோது அந்த இனமே முடிந்துபோனது.

ஆடுகளை ஒழிக்க நடந்த வேலையைப் படித்தால் த்ரில்லர் படம் மாதிரி இருக்கும். 1997 முதல் 2006 வரை நடந்த 'இசபெலா திட்டத்தில்' சுட்டுக் கொன்ற ஆடுகள் ஒரு லட்சத்துக்கும் மேல். கடைசியில் மிஞ்சிய ஆடுகள் உஷாராகிக் குகைகளில் ஒளிந்துகொண்டன. ஆடு கூட்டமாக வாழும் பிராணி ஆச்சே? அதையே பயன்படுத்தினார்கள். ஒரு பெண் ஆட்டின் கழுத்தில் ரேடியோ பட்டை கட்டி விட்டுவிடுவார்கள். அது தன் இனத்தைத் தேடிப் போகும். பின்னாலேயே ஹெலிகாப்டர் போகும். மற்றதைச் சுட்டுவிட்டு, பட்டை கட்டியதை மட்டும் விட்டுவைப்பார்கள், அடுத்த கூட்டத்தைக் காட்டிக்கொடுக்க. அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'யூதாஸ் ஆடு'. படித்த அன்று எனக்கு ஆட்டுக்காக வருத்தப்படுவதா, ஆமைக்காகச் சந்தோஷப்படுவதா என்று தெரியவில்லை.

ஆட்டைச் சுடலாம். செடியை, ஈயை என்ன செய்வது? நாம் உப்பு மிளகாய்த்தூள் தூவித் தின்னும் கொய்யா அங்கே காட்டை ஆக்கிரமிக்கும் வில்லன். முதுமலையில் மேய்ச்சல் நிலத்தை விழுங்கிய உண்ணிச்செடி அங்கேயும் பரவியிருக்கிறது. மிக மோசமான ஆக்கிரமிப்புச் செடிகளில் ஒன்று ஒரு வகைக் காட்டு ராஸ்பெர்ரி. அதன் தாயகங்களில் இந்தியாவும் ஒன்று. ஆங்கிலத்தில் அதற்கு 'மைசூர் ராஸ்பெர்ரி' என்றே பெயர்! ஃபிலோர்னிஸ் என்ற ஈயின் புழுக்கள் கூட்டில் இருக்கும் குஞ்சுகளின் ரத்தத்தை உறிஞ்சிக் கொல்கின்றன. டார்வின் பெயரில் புகழ்பெற்ற குருவிகளுக்கே இப்போது பெரிய ஆபத்து அந்த ஈதான். அது எந்தப் பெட்டியில், எந்தக் கப்பலில் வந்தது என்று யாருக்கும் தெரியாது. ஷூ கழுவச் சொல்வது இதனால்தான்.

அப்போ கப்பல்தான் வில்லனா?

இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. கப்பல் சுத்தமான பேர்வழி இல்லை. 2001 ஜனவரியில் சான் கிறிஸ்டோபல் தீவுக்குப் பக்கத்தில் 'ஜெஸிகா' என்ற எண்ணெய்க் கப்பல் தரைதட்டியது. அதிலிருந்த கனரக எண்ணெய் ஒரு சுற்றுலாக் கப்பலுக்காகக் கொண்டுவரப்பட்டது. காற்றும் நீரோட்டமும் எண்ணெயை விலக்கிக்கொண்டு போனதால் தப்பித்தோம் என்று எல்லாரும் நினைத்தார்கள். ஆனால் சாண்டா ஃபே தீவின் கடல் இகுவானாக்களில் 62% அடுத்த ஓராண்டுக்குள் இறந்துபோனதாக ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். இதெல்லாம் விபத்து என்றாலும், விபத்தே இல்லாத நாளிலும் கப்பல் விளக்குக்கு வந்து ஒட்டும் பூச்சிகள் அடுத்த தீவுக்கு ஓசியில் பயணம் செய்கின்றன.

ஆனாலும் கப்பல்களின் மொத்தப் படுக்கை எண்ணிக்கைக்கு அரசு உச்சவரம்பு வைத்திருக்கிறது. நினைத்தபடி புதுக் கப்பல் விட முடியாது. கூட்டம் கூடியது நிலத்தில். விமானத்தில் வந்து, ஊரில் ஹோட்டல் போட்டு, தினமும் படகில் போய்வரும் பயணிகள்தான் இப்போது பெரும்பான்மை. 2023-இல் வந்தவர்கள் சுமார் 3.3 லட்சம் பேர். தீவுகளில் வாழும் மக்கள் தொகை சுமார் 30 ஆயிரம்தான். இத்தனை பேருக்கும் அரிசி, காய்கறி, சிமென்ட், பீர் எல்லாம் ஈக்வடார் கரையிலிருந்து சரக்குக் கப்பலில் வரணும். சரக்கோடு எறும்பும் எலியும் விதையும் வரும். 2007-இல் யுனெஸ்கோ கலாபகோஸை 'ஆபத்தில் உள்ள பாரம்பரியச் சின்னங்கள்' பட்டியலில் சேர்த்தபோது சொன்ன காரணங்களில் இந்த அந்நிய உயிரினங்களும் பெருகும் சுற்றுலாவும் இருந்தன. 2010-இல் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். எடுத்தது சீக்கிரம் என்று அப்போதே சிலர் சொன்னார்கள்.

சரி, எல்லாரையும் கப்பலிலேயே தங்க வைத்துவிடலாமே? ஊர்க்காரர்களிடம் போய் அதைச் சொல்ல முடியாது. குரூஸ் பயணி சாப்பிடுவது, தூங்குவது, செலவழிப்பது எல்லாம் கப்பலில். ஒரு வாரத்துக்குச் சில ஆயிரம் டாலர் கொடுத்தாலும் போர்ட்டோ அயோராவில் மீன் வறுத்து விற்கும் அக்காவுக்கு அதில் ஒன்றும் வராது. ஊரில் அறை எடுக்கும் பேக்பேக்கர்தான் அவர் கஸ்டமர். சுற்றுலாவில் பங்கில்லாதவர்கள் கடலைத்தான் நம்பணும். 1990-களில் கடல் அட்டை பிடிக்கத் தடை வந்தபோது கோபமான மீனவர்கள் சார்லஸ் டார்வின் ஆராய்ச்சி நிலையத்தையே முற்றுகையிட்டு, ஆமைகளைக் கொன்றுவிடுவோம் என்று மிரட்டினார்கள். மன்னார் வளைகுடாவில் கடல் அட்டைத் தடையைப் பார்த்த ராமநாதபுரம்காரர்களுக்கு அந்தக் கோபம் புதுசா இருக்காது.

ஈக்வடார் இப்போதைக்குக் கையில் எடுத்திருப்பது விலையை. 1998 முதல் 100 டாலராக இருந்த வெளிநாட்டினர் நுழைவுக் கட்டணம் 2024 ஆகஸ்ட் 1 முதல் 200 டாலர். ஈக்வடார் நாட்டினருக்கு 30 டாலர். ஆயிரக்கணக்கில் செலவழித்து வருகிறவர் கூடுதல் 100 டாலருக்காகப் பயணத்தை ரத்து செய்வாரா? எனக்கு நம்பிக்கையில்லை. கூட்டம் குறையாது, வருமானம் கூடும். அந்தப் பணம் பெட்டி சோதிக்கும் ஊழியர்களுக்கும் ஈ ஆராய்ச்சிக்கும் போனால் சரி.

மனிதர் குடியேறாத தீவு

மேற்குப் பக்க ரூட்டில் போகும் கப்பல்கள் ஃபெர்னாண்டினாவில் நிற்கும். பயணிகள் இறங்க அனுமதி உள்ள இடம் புன்ட்டா எஸ்பினோசா என்ற ஒரே ஒரு முனை. மனிதக் குடியேற்றம் இல்லை, ஆடு இல்லை, வெளியிலிருந்து வந்த எலி இல்லை. இத்தனை பெரிய தீவில் வெளியிலிருந்து வந்த பாலூட்டி ஒன்றுகூட இல்லாதது உலகத்திலேயே அபூர்வம். கறுத்துக் கெட்டியான லாவா மேலே நூற்றுக்கணக்கில் இகுவானாக்கள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கும். படகில் ஏறும் முன் கைடு எல்லாருடைய செருப்பையும் காலையும் கழுவச் சொல்வார்.

அந்தத் தீவின் ஆமை இனம் அழிந்துவிட்டதாகவே நூறாண்டுக்கு மேல் நினைத்திருந்தார்கள். கடைசியாக ஒன்று கிடைத்தது 1906-இல். 2019 பிப்ரவரியில், லாவாவுக்கு நடுவே இருந்த சின்னப் புதரில் ஒரு வயதான பெண் ஆமை தென்பட்டது. 1906 ஆமையின் மரபணுவோடு ஒப்பிட்டு, அதே இனம்தான் என்று 2021-இல் உறுதி செய்தார்கள். ஃபெர்னாண்டா என்று பெயர். இப்போது சாண்டா குரூஸ் தீவில் உள்ள இனப்பெருக்க மையத்தில் இருக்கிறது. அதற்குத் துணை தேடிப் பூங்கா ஊழியர்கள் மறுபடி மறுபடி அந்த லாவா மேலே நடந்திருக்கிறார்கள். சில தடயங்கள் கிடைத்திருக்கின்றன.