பொரிந்த பிறகுதான் தெரியும்!

ஜெர்மனியின் தலைநகரான பெர்லினில் 'காமர்கெரிக்ட்' என்று ஒரு பழம் பெரும் நீதிமன்றம் இருக்கிறது. நம் ஊர் ஹைகோர்ட்டைப் போல என்று வைத்துக்கொள்ளுங்களேன்! 2019-ம் வருஷம் செப்டம்பர் மாதக் கடைசியில் அங்கே ஒரு கள்ளன் புகுந்துவிட்டான். பூட்டை உடைக்கவில்லை, சுவர் ஏறிக் குதிக்கவில்லை. நகரத்தின் கம்ப்யூட்டர் சேவையைக் கவனித்துக் கொள்ளும் நிலையத்தார், "உங்கள் கட்டடத்திலிருந்து யாரோ வெளியே இரகசியமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்களே!" என்று சொன்ன பிறகுதான் விஷயம் வெளிப்பட்டது. உடனே நீதிமன்றத்துக் கம்ப்யூட்டர்களை வெளியுலகத் தொடர்பிலிருந்து துண்டித்துவிட்டார்கள். நீதிபதிகளும் குமாஸ்தாக்களும் பழையபடி டெலிபோன், ஃபாக்ஸ், தபால் என்று இறங்கி வந்தார்கள்.

வந்தவனுடைய பெயர் எமோடெட். 2014 முதல் உலகத்தை ஆட்டி வைத்த ஆசாமி. கூடவே ட்ரிக்பாட் என்ற கூட்டாளியையும் அழைத்து வந்திருந்தான்.

"அவ்வளவு பெரிய நீதிமன்றத்தில் வைரஸ் பிடிக்கும் காவல்காரன் இல்லையா?" என்று கேட்பீர்கள். இருந்தான். ஆனால் அவன் கள்ளனை அடையாளம் காணவில்லை. அது ஏன் என்பதுதான் சுவாரஸ்யமான கதை.

வெயில் காலத்தில் மொட்டை மாடியில் வடாம் பிழிந்து காய வைக்கிறோம் அல்லவா? பெரிய பாத்திரம் நிறைய இருந்த கூழ், காய்ந்ததும் ஒரு சின்ன டப்பாவுக்குள் அடங்கிவிடுகிறது. எண்ணெயில் போட்டால் 'புஸ்'ஸென்று பொரிந்து தட்டு நிறைகிறது. கம்ப்யூட்டர் புரோகிராம்களையும் இப்படிச் சுருக்கி வைக்கலாம். சுருக்குகிற கருவிக்குப் 'பேக்கர்' என்று பெயர். சுருங்கிய புரோகிராமின் முகப்பில் ஒரு குட்டிப் புரோகிராமை ஒட்டி வைப்பார்கள். ஓட விட்டதும் முதலில் குட்டி எழுந்து, மற்றதையெல்லாம் கம்ப்யூட்டரின் நினைவகத்தில் பழைய உருவத்துக்கு விரித்துவிட்டு, "இனி உன் பாடு!" என்று ஒதுங்கிக் கொள்ளும். நினைவகம்தான் இங்கே எண்ணெய்ச் சட்டி.

இதைக் கண்டுபிடித்தவர்கள் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. ஃப்ளாப்பித் தட்டில் 360 கிலோபைட்டுக்கு மேல் இடமில்லாத காலம் ஒன்று இருந்தது. 1989-ல் பிரான்ஸ் தேசத்து ஃபாப்ரிஸ் பெல்லார் என்ற இளைஞர் 'எல்.இஸட். எக்ஸ்இ' என்ற சுருக்குக் கருவியை எழுதினார். அப்போது அவருக்கு வயது 17! 1998-ல் 'யு.பி.எக்ஸ்.' வந்தது. இன்றைக்கும் யோக்கியமான புரோகிராம்கள் பல அதில் சுருட்டப்பட்டுத்தான் ஊர் சுற்றுகின்றன.

கள்ளர்களுக்கு இது வரப்பிரசாதமாகப் போயிற்று. காவல்காரனிடம் கேடிகளின் அங்க அடையாளப் பட்டியல் ஒன்று உண்டு. ஆனால் காய்ந்த வடாமைப் பார்த்து, பொரிந்தால் என்ன உருவம் வருமென்று எப்படிச் சொல்வது? ஒரே புரோகிராமை நேற்று ஒரு விதமாகவும் இன்று வேறு விதமாகவும் சுருட்டி அனுப்பினால் பட்டியல் திகைத்து நிற்கும். எமோடெட் இதில் கை தேர்ந்தவன். அவனுடைய எஜமானர்கள் மேல் உறையை ஓயாமல் மாற்றிக்கொண்டே இருந்தார்கள்.

இருந்தாலும் உறையே சில சமயம் காட்டிக் கொடுத்துவிடுகிறது. அமெரிக்கரான கிளாட் ஷானன் 1948-ல் ஒரு கணக்குச் சொல்லி வைத்தார். எழுத்துக்கள் எவ்வளவு தாறுமாறாகக் கலைந்து கிடக்கின்றன என்பதற்கு ஓர் அளவு அது, 'என்ட்ரோபி' என்பார்கள். கம்ப்யூட்டர் எழுத்துக்கு இதன் உச்சவரம்பு 8. சாதாரணப் புரோகிராமில் ஒரே மாதிரிக் கட்டளைகள் திரும்பத் திரும்ப வருவதால் எண் 6-ஐ ஒட்டி நிற்கும். சுருக்கினதோ, சங்கேதத்தில் பூட்டினதோ 7-ஐத் தாண்டி 8-ஐ எட்டிப் பார்க்கும். இன்னொரு துப்பும் உண்டு. யு.பி.எக்ஸ். சுருட்டிய புரோகிராமில் ஒரு பகுதி தட்டில் வெறும் காலி. ஆனால் நினைவகத்தில் மட்டும், "எனக்கு இவ்வளவு இடம் வேண்டும்" என்று ஏராளமாகக் கேட்கும். காலிப் பெட்டியோடு வந்த விருந்தாளி மூன்று அறை கேட்டால் வீட்டுக்காரர் யோசிக்க மாட்டாரா?

யோசிக்கலாம், கையில் விலங்கு மாட்டிவிடக் கூடாது. சுருட்டி வந்ததெல்லாம் திருட்டு என்று முடிவு கட்டும் காவல்காரர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். ஒண்டியாக உட்கார்ந்து உபயோகமான சின்னப் புரோகிராம் எழுதுகிறவர்கள்தான் இதில் அநியாயமாக அடிபடுகிறார்கள். என்னைக் கேட்டால், கள்ளனை விடுவதற்கு அடுத்த பெரிய தப்பு அதுதான்.

ஆகவே பொரித்துப் பார்ப்பதே வழி. ஆனால் நம் சமையலறையில் அல்ல! நிபுணர்கள் வெளியுலகத் தொடர்பில்லாத ஒரு கம்ப்யூட்டரில், அதற்குள்ளேயே இன்னொரு பொய்க் கம்ப்யூட்டரை உண்டாக்கி, அங்கே கள்ளனை ஓட விடுகிறார்கள். குட்டிப் புரோகிராம் எல்லாவற்றையும் விரித்து முடித்து, உள்ளிருப்பவனுக்கு வழி விடுகிற அந்த ஒரு கணத்தில், "நில்!" என்று நிறுத்தி, நினைவகத்தை அப்படியே படியெடுத்துக் கொள்கிறார்கள். இப்போது அங்க அடையாளங்கள் எல்லாம் பளிச்சென்று தெரியும். எவ்வளவு வேஷம் போட்டாலும் வேலை செய்ய வேண்டுமானால் வேஷத்தைக் களைந்துதானே ஆகவேண்டும்!

கள்ளனும் லேசுப்பட்டவனல்ல. இது பொய்க் கம்ப்யூட்டர் என்று மோப்பம் பிடித்தால் சாதுவாகப் படுத்துத் தூங்கிவிடுவான். சுண்டெலி அசைகிறதா, மனிதர் யாராவது உட்கார்ந்திருக்கிறாரா என்றுகூட வேவு பார்க்கிறவர்கள் உண்டு. அதனால் நிபுணர்களும் அறைக்குள் ஆள் நடமாட்டம் இருப்பது போல ஜோடனை செய்து வைக்கிறார்கள்.

சரி, உங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரில் இப்படி ஒருவன் புகுந்துவிட்டதாகச் சந்தேகம் வந்தால்? பதறிப் போய் மின்சாரத்தை நிறுத்திவிடாதீர்கள். வேஷம் களைந்த கள்ளன் இருப்பது நினைவகத்தில். மின்சாரம் போனால் சாட்சியமும் போச்சு! முதலில் வெளித் தொடர்பை மட்டும் அறுத்துவிட்டு, விஷயம் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். கடவுச் சொற்களை மாற்றியாக வேண்டும். அதை அந்தக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்துகொண்டு செய்தால் புதுச் சாவியையும் கள்ளன் கையிலேயே கொடுத்த மாதிரி. வேறு சுத்தமான கம்ப்யூட்டரிலிருந்து மாற்றுங்கள். பிறகு எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, கள்ளன் வருவதற்கு முன்பு எடுத்து வைத்த பிரதியிலிருந்து திரும்ப நிரப்ப வேண்டியதுதான். பெர்லின் நீதிமன்ற விவகாரத்தை ஆராய்ந்த நிபுணர்களின் அறிக்கை 2020 ஜனவரியில் வெளியாயிற்று. கம்ப்யூட்டர் அமைப்பு முழுவதையும் புதிதாகவே கட்டிக்கொள்ளுங்கள் என்பது அவர்கள் யோசனை.

எமோடெட் என்ன ஆனான் என்று கேட்கிறீர்களா? 2021 ஜனவரியில் எட்டு தேசத்துப் போலீஸார் கைகோத்து அவனுடைய தலைமைக் கேந்திரங்களைக் கைப்பற்றினார்கள். அதோடு விடவில்லை. அவன் தன் கையாட்களுக்கு உத்தரவு அனுப்பும் அதே பாதை வழியாகவே, தன்னைத் தானே அழித்துக்கொள்ளும் உத்தரவைப் போலீஸார் அனுப்பினார்கள்! ஏப்ரல் 25-ந் தேதி பீடிக்கப்பட்ட கம்ப்யூட்டர்களிலிருந்து எமோடெட் வெளியேறினான்.

அந்த வருஷம் நவம்பர் மாதமே திரும்பியும் வந்துவிட்டான். இந்தத் தடவை அவனைத் தோளில் சுமந்து வந்து விட்டவன் வேறு யாருமல்ல, பழைய கூட்டாளி ட்ரிக்பாட்தான்.