கிளித்தட்டும் குழந்தையின் என்பும்

இலங்கையின் பேராதனையைச் சூழ்ந்த பாடசாலைகளுக்குச் சமதரை அரிது. சரிவை வெட்டிச் சமன்செய்த துண்டு நிலமே பலவற்றுக்கு முற்றமும் திடலும். மழை பிடித்தால் அதுவும் சேறு. தோட்டப்புறத் தமிழ்ப் பாடசாலைகளில் இடம் இன்னும் ஒடுங்கும். ஆயினும் இடக்குறையைக் காட்டி உடற்கல்வியை ஒத்திவைப்பதற்கு உடற்றொழிலியல் இடந்தராது. பத்து அகவைக்கு உட்பட்ட உடல் வேண்டுவது பரந்த வெளியன்று. ஓட்டம், நிறுத்தம், திருப்பம், குதிப்பு ஆகியவையே.

என்பு உயிருள்ள இழையம். சுமைக்கேற்ப அது தன் உட்கட்டமைப்பை மாற்றிக்கொள்ளும் என்பதைச் செருமானிய மருத்துவர் யூலியசு வோல்ஃப் 1892இல் நூலாக்கினார். குதித்து ஊன்றும்தோறும் என்பு கண்ணுக்குப் புலப்படாத அளவு வளைகிறது. அதன் நுண்குழல்களில் நீர்மம் நகர்கிறது. அந்நகர்வை உணரும் கலங்கள் புதிய என்பு படியுமாறு ஏவுகின்றன. சீரான நடையைவிடக் குதிப்பும் திடீர்த் திருப்பமும் இவ்வேவலை வலுவாக எழுப்பும். பூப்புக்குச் சற்று முந்திய ஆண்டுகளில் என்பு இத்தூண்டலுக்கு நன்கு இணங்கும். தசையின் செயலும் வியப்புக்குரியது: சுருங்கும் தசை இன்சுலினை எதிர்பாராமலே குருதியின் குளுக்கோசை உள்ளிழுக்க வல்லது. நீரிழிவுக்கு எளிதில் ஆட்படும் தெற்காசியருக்கு இது சிறு செய்தியன்று.

உடலசைவு மூளைக்குத் தரும் நன்மையை மிகைபடப் பேசுவோர் உளர். அமெரிக்காவின் இலினோய் ஆய்வாளர் 2010இல் வெளியிட்ட ஆய்வில், உடல்தகைமை மிக்க 9, 10 அகவைச் சிறாரிடம் நினைவாற்றலுக்குரிய மூளைப்பகுதி பெரிதாயிருந்தது. அது தொடர்பைக் காட்டிற்றேயன்றிக் காரணத்தை நிறுவவில்லை. கண்பார்வை பற்றிச் சீனாவின் குவாங்சோவில் நடந்த சோதனையோ இன்னும் உறுதியானது: தொடக்கப் பாடசாலைகளில் நாள்தோறும் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் கழித்த சிறாருள் மூன்றாண்டில் கிட்டப்பார்வை கண்டோர் 30.4 விழுக்காடு, ஏனையோருள் 39.5. இம்முடிவு 2015இல் வெளியாயிற்று.

நம் கிளித்தட்டு விளையாட்டை இந்த ஒளியில் நோக்குக. தரையில் கீறிய கோட்டை, அதைக் காப்பவர் தம்மைத் தொடுமுன் கடக்கவேண்டும். ஒருபுறம் பாய்வதுபோல் காட்டி மறுபுறம் திரும்பும் சிறுமியின் காலென்பு பல திசைகளில் சுமை தாங்குகிறது. தொடங்கிய அசைவை நடுவில் அடக்கவும் அவள் மூளை பயில்கிறது. இதற்குச் சிறு முற்றம் போதும்.

இலங்கையில் 'சுகாதாரமும் உடற்கல்வியும்' தனிப் பாடமாக வருவது தரம் 6இலிருந்தே. அதற்குமுன் உடலசைவு பெரும்பாலும் சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகளோடு கலந்துவிடும். புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கும் தரம் 5இல் முதலில் பலியாவது விளையாட்டு வேளை. மாலையைப் பிரத்தியேக வகுப்பு கொண்டுபோகும். 5 முதல் 17 அகவையினருக்கு நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிட உடலியக்கத்தை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. அதில் பாதியையேனும் பாடசாலை தராவிட்டால் வேறெங்கே கிட்டும்?

தொடக்கப் பிரிவு அதிபர்களே, பெற்றோரே, விளையாட்டு வேளையை மாதிரி வினாத்தாளுக்கு விட்டுக்கொடாதீர். கிளித்தட்டுக்குக் கோடு கீறச் சிறிது சுண்ணாம்புத்தூள் போதும்.