சாரலில் நடுங்கும் வேட்டை நாய்கள்: வீட்டில் வளர்ப்பவர்கள் கவனிக்க வேண்டியது என்ன?

இலஞ்சி:
குற்றாலத்தில் சாரல் விழுந்தால் எல்லாருக்கும் குஷிதான். அருவிக்கு வருபவர்கள் குளித்து, துவட்டி, சூடாக டீ குடித்துவிட்டு கிளம்பிவிடுவார்கள். பக்கத்தில் இலஞ்சி, மேலகரம், வல்லம் பகுதி வீட்டு வாசல்களில் ராத்திரி பூரா கட்டிக்கிடக்கும் நாய்களைத்தான் துவட்டிவிட ஆள் கிடையாது.

இந்தப் பக்கம் ஆசையாக வளர்ப்பது ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி நாய்கள். ராஜபாளையம் நாய்க்கு 2005-ல் தபால் தலையே வந்தது. ஆனால் இவை கரிசல்காட்டு வெயிலில் முயல் விரட்டிய ஜாதி. ரோமம் ஒட்ட வெட்டினது மாதிரி இருக்கும். உள்ளே பஞ்சு போன்ற அடுக்கும் கிடையாது, உடம்பில் கொழுப்பும் கம்மி. வெயிலுக்கு தோதான அந்த உடம்புதான் சாரலில் காலை வாருகிறது.

நம்ம ஊர் என்ன காஷ்மீரா என்று கேட்கலாம். குளிர் பெரிசு இல்லை. ஈரமும் காற்றும் சேருவதுதான் வில்லங்கம். ஆரியங்காவு கணவாய் வழியாக வரும் காற்று சும்மா வராது, சாரலையும் அள்ளிக்கொண்டு வரும். அருவியில் நனைந்துவிட்டு பஸ்சில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் பல் கிடுகிடுக்குமே, அதே கதைதான். ஈரம் காயும்போது உடம்புச் சூட்டையும் இழுத்துக்கொண்டு போகும்.

அதனால் ஸ்வெட்டர் தேடி அலைவதற்கு முன்னால் நாயை துவட்டுங்கள். வயிறு, கால் இடுக்கு, காது வரை பழைய துண்டால் அழுத்தித் துடைக்க வேண்டும். பழைய பனியனை மாட்டிவிடலாம். நனைந்தால் உடனே கழற்றிவிடணும். ஈரத் துணி, துணியே இல்லாததைவிட மோசம்.

அடுத்தது படுக்கை. சிமெண்ட் தரை சூட்டை உறிஞ்சிவிடும். நாலு செங்கல் வைத்து மேலே ஒரு பலகை, அதன் மேல் சாக்கோ வைக்கோலோ போட்டால் போதும். சாக்கை தினமும் தொட்டுப் பார்த்து, ஈரமாக இருந்தால் மாற்றணும். காற்று மேற்கில் இருந்து வருவதால் கூண்டின் வாசல் கிழக்கே பார்த்து இருப்பது நல்லது. சாப்பாட்டையும் ஒரு கைப்பிடி கூடுதலாக வைக்கலாம்.

குட்டி போட்டிருந்தால் இன்னும் உஷார் தேவை. முதல் இரண்டு வாரம் குட்டிக்கு சொந்தமாக சூடு உண்டாக்கத் தெரியாது, பிறந்த புதிதில் நடுங்கவும் வராது. தாயை விட்டு உருண்டு ஈரத் தரைக்குப் போனால் சத்தமில்லாமல் செத்துவிடும். அட்டைப் பெட்டியில், வெந்நீர் பாட்டிலை துணியில் சுற்றி ஒரு ஓரமாக வையுங்கள். சூடு அதிகமானால் குட்டி விலகிப் படுக்க இடம் இருக்கணும். ஜில்லிட்டுப் போன குட்டிக்கு பாவப்பட்டு உடனே பால் புகட்டக் கூடாது. குளிர்ந்த வயிற்றில் பால் செரிக்காது. முதலில் நெஞ்சோடு அணைத்து மெல்ல சூடேற்றிவிட்டு அப்புறம்தான் பால்.

பலர் செய்யும் இன்னொரு தப்பு உண்டு. நாயைத் தொட்டால் சுடுகிறது என்று மனுஷனுக்கு வாங்கிய காய்ச்சல் மாத்திரையை பாலில் கரைத்துக் கொடுப்பது. நமக்கு 98.6 டிகிரி என்றால் நாய்க்கு 101 முதல் 102.5 வரை சாதாரண சூடு. அந்த பாராசிட்டமால் நாயின் ஈரலைக் கெடுத்து உயிருக்கே உலை வைத்துவிடும்.

நடுங்கிக்கொண்டிருந்த நாய் சூடேறாமலே நடுக்கத்தை நிறுத்தி, தள்ளாடி, ஈறு வெளுத்துப் போனால் ‘சரியாப் போச்சு’ என்று விட்டுவிடாதீர்கள். ஆபத்து அதுதான். துணியில் சுற்றி கால்நடை ஆஸ்பத்திரிக்கு தூக்கிக்கொண்டு ஓடணும். கண்ணில் பீளை, மூக்கில் சளி, வெட்டி வெட்டி இழுப்பு இருந்தால் அது குளிராக இல்லாமல் டிஸ்டெம்பர் நோயாகவும் இருக்கலாம். போர்வையால் அது தீராது.

ஆட்டோ, வேன் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஒரு தடவை கீழே குனிந்து பாருங்கள். சாரலுக்கு ஒதுங்கிய தெருநாய் குட்டிகளோடு அங்கே படுத்திருக்கும்.